அரிச்சந்திரன் எதற்காக நாடிழந்தான்?

அரிச்சந்திரன் அழுகிறான். சந்திரமதி அழுகிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு ஊரே அழுகிறது.

காரைக்குடி வட்டாரத்துச் சிற்றூர்களில் கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. வள்ளி திருமணத்துக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் ஊர், அரிச்சந்திர மயான காண்டத்துக்கு முந்தானையால் கண்ணைத் துடைக்கும். பாட்டன் அழுதான், தந்தை அழுதான், இன்று பேரன் கைபேசியில் பார்த்து அழுகிறான். ஆம், அந்த நாடகம் இப்போது கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை. மேடைக்கு எதிரே முக்காலியின் மீது ஒரு வீடியோக் கருவி நிற்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரை நடப்பதையெல்லாம் அது விழுங்கிக்கொள்கிறது. முன்பு நாடாவாகவும் தகடாகவும் கடைத்தெருவில் விற்ற அந்தப் பதிவு, இன்று இணையத்தில் எவரும் காசின்றிக் காணக் கிடைக்கிறது. நம் வட்டாரத்து ஊரொன்றில் எடுக்கப்பட்ட அத்தகைய பதிவொன்றை, ஒரு விடுமுறை நாளில், தொடக்கத்திலிருந்து மங்களம் வரை உட்கார்ந்து பார்த்தோம். ஊர்ப் பெயரும் நடிகர் பெயரும் இங்கு வேண்டியதில்லை. நமக்கு வழக்கு அவர்களோடு அன்று. அவர்கள் பாடிய கதையோடு.

கலைக்குரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுவோம். பழமையைச் சாடுகிறோம் என்பதற்காகப் பாட்டையும் சாட வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் 1867-ல் பிறந்து, புதுச்சேரியில் 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் செப்பனிட்டுத் தந்த இசை நாடக மரபு இது. 1918-ல் மதுரையில் அவர் நடத்திய பாலர் சபையில் சேர்ந்த சிறுவர்கள்தாம் பிற்காலத்தில் நாடறிந்த டி.கே.எஸ். சகோதரர்கள். அந்த மரபில் இன்று நடப்பதை 'ஸ்பெஷல் நாடகம்' என்கிறார்கள். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. ஆயினும் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்ததும், பத்து ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்களைப் போல் பாடி ஆடுகிறார்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. ஆசானுக்கு ஆண்டு தோறும் விழா எடுக்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டமோ அரசின் பெரும் மானியமோ இல்லாமல், ஊர் வரிப்பணத்தை மட்டும் நம்பி ஒரு நூற்றாண்டு உயிரோடு இருக்கும் கலை இது.

மேனாட்டார் இதை ஓபரா என்பார்கள். அதற்கென்று மாளிகை போன்ற அரங்குகளைக் கட்டி, பட்டுத் திரை தொங்கவிட்டு, அரசர்களும் பிரபுக்களும் அமர்ந்து கேட்பார்கள். 1992-ல் புச்சினியின் 'டோஸ்கா' என்னும் அவல ஓபராவை, கதை நடக்கும் உரோமாபுரியின் அதே கட்டடங்களில், கதை நடக்கும் அதே நேரங்களில் பாடவைத்து, நேரடியாகப் படம்பிடித்துப் பல நாடுகளுக்கு ஒளிபரப்பினார்கள். இசைக்குழுவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா. 2006-ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கு தன் ஓபராக்களை உலகெங்குமுள்ள திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பிவருகிறது. செல்வம் கொழிக்கும் அந்த அரங்குகள் செய்வதைத்தான் செட்டிநாட்டுக் கிராமத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர், ஒரே கருவியோடு, தூக்கத்தை உதறிவிட்டு, அடிக்கடி தேநீர் குடித்துக்கொண்டு செய்கிறார்.

அந்தப் பதிவில் அரிச்சந்திரனாக நடித்தவரின் குரல் இன்னும் நம் காதில் நிற்கிறது. மனைவியையும் மகனையும் விற்றுவிட்டுத் தனியே நிற்கும் இடத்தில், தாளம் இல்லாத நீண்ட விருத்தம் ஒன்றை எடுத்தார். ஆர்மோனியம் ஓரடி பின்னால் நின்றே வந்தது. மேல் சுருதியைத் தொட்ட இடத்தில் அவர் குரல் சற்று உடைந்தது. அது உண்மையான உடைவா, தொழில் தேர்ச்சியா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. எதுவாயினும், கூடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அத்தனை அமைதி.

திரைப்படம் இதே கதையைத் தொட்டது புதிதன்று. இந்தியாவின் முதல் முழுநீளப் படமே அரிச்சந்திரன் கதைதான். தாதாசாகிப் பால்கே 1913 மே 3-ல் பம்பாயில் திரையிட்டார். பெண்கள் நடிக்க முன்வராத காலம். ராணியாக வந்ததும் ஓர் ஆண்மகனே. நம் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், கன்னடத்தில் வந்த அரிச்சந்திரன் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதற்படம் என்று அதையே சொல்கிறார்கள். 1968-ல் சிவாஜி கணேசன் அரிச்சந்திரனானார். அந்தப் படங்களில் சுடலை, கலைஞர் அமைத்த சுடலை. கண்ணீர், விளக்கொளி பார்த்து வைத்த கண்ணீர். தவறு நேர்ந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

வீடியோப் பதிவில் வெட்டு இல்லை. அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் உண்மை. பாம்பு கடித்து மாண்ட லோகிதாசன், தாயின் மடியில் கிடக்கும்போது, கொசு கடித்த காலைச் சொறிந்துகொள்கிறான். பள்ளிச் சிறுவன், மணி இரண்டரை, அவன் என்ன செய்வான்? சிறிது நேரத்தில் நடிப்பை விட்டு மெய்யாகவே உறங்கிவிட்டான். பிணத்தின் வயிறு ஏறி இறங்குவதைக் கருவி காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதைவிடச் சுவையான காட்சி ஒன்று. மகனைத் தோளில் சுமந்து சந்திரமதி முகாரியில் கதறிக்கொண்டிருக்கிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி அவள் சேலையில் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் குத்துகிறார். கதறல் நிற்கிறது. "நமது நாடகத்தைப் பாராட்டி அன்பளிப்பு வழங்கிய" அந்தப் பெரியவருக்கு, அவர் தந்தை பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சொல்லி, சந்திரமதியே ஒலிபெருக்கியில் நன்றி கூறுகிறாள். கூறி முடித்து, விட்ட இடத்தில் கதறலைத் தொடங்குகிறாள். மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் கூலிக்கு வந்த நடிகைக்கும் நடுவே ஒரு கணம் திரை விலகி மூடுகிறது. நாகரிக நண்பர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிப்பர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அழுகையின் நடுவே அரைக் கணம் அறிவு விழிக்கும் இடம் அது. அந்த அரைக் கணத்தில் எழுந்த கேள்விகளைத்தான் இங்கு எழுதுகிறோம்.

அரிச்சந்திரன் எதற்காக நாடிழந்தான்?

எவரைக் கேட்டாலும், "வாய்மைக்காக" என்பார்கள். பொய் சொல்லாத ஒருவனைக் குறிக்க அவன் பெயரையே வழங்குகிறோம். சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்து, எல்லோரும் ஏன் அவனைப் போல் இருக்கக் கூடாது என்று தம்மையே கேட்டுக்கொண்டதாகக் காந்தியார் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1863-ல் யாழ்ப்பாணத் தமிழர் முத்துக் குமாரசுவாமி தமிழ் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டபோது, மன்னனை வாய்மைக்காகத் தன்னை ஈந்த தியாகி என்றே அட்டையில் அறிமுகப்படுத்தினார். உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விடை. ஆனால் கதை என்ன சொல்கிறது?

நல்லூர் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்தையும், அதன் வழிவந்த நாடகங்களையும் புரட்டிப் பாருங்கள். வசிட்டரோடு பந்தயம் கட்டிய விசுவாமித்திரர், மன்னனைச் சிக்கவைக்க இரண்டு பெண்களை அனுப்புகிறார். மதங்க கன்னியர் என்பது அவர்கள் பெயர். தாழ்ந்த குலத்தவர் என்று கதை அவர்களுக்கு முத்திரை குத்துகிறது. அவர்கள் மன்னன் முன் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். மன்னன் மகிழ்கிறான், பொன்னும் மணியும் பரிசளிக்கிறான். பொன் வேண்டாம், உன் வெண்கொற்றக் குடையைத் தா என்கிறார்கள். மறுக்கிறான். அப்படியானால் எங்களை மணந்துகொள் என்கிறார்கள். அப்போது வருகிறது மன்னனுக்குச் சினம்! பாட்டு இனித்தது, ஆட்டம் இனித்தது, குலம் கசந்தது. விரட்டியடிக்கிறான். விசுவாமித்திரர் வந்து நிற்கிறார். இவர்களை மணந்துகொள் என்கிறார். மன்னன் சொல்லும் விடை என்ன? நாட்டை வேண்டுமானாலும் தருகிறேன், இவர்களை மணக்க மாட்டேன் என்பது! முனிவர் நாட்டைப் பெற்றுக்கொள்கிறார்.

தோழர்களே, மறுபடி ஒருமுறை படியுங்கள். அரிச்சந்திரன் அயோத்தியை இழந்தது வாய்மைக்காக அன்று. குலத்துக்காக. பின்னர்ப் பொன்கடனுக்காகக் காசிக்குப் போனதும், விற்றதும், விலைபோனதும் வாய்மைக்காக என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அரியணையை விட்டு அவனை இறக்கியது எது? கீழ்க்குலத்துப் பெண்ணைத் தொடமாட்டேன் என்ற பிடிவாதம். விரும்பாத பெண்ணை மணக்க மறுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. முன்பே மனைவி இருக்கிறாள் என்று அவன் மறுத்திருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். மறுப்புக்கு அவன் சொன்ன காரணம்தான் வழக்கில் முதற் சாட்சி.

அந்தக் குடையையும் மறந்துவிடாதீர்கள். இந்தச் சிவகங்கைச் சீமை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதித்திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளை அதிகாரி சாதியைப் பற்றிய தம் நூலில் அவற்றை வரிசையாகக் குறித்திருக்கிறார். பொன் நகை, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மண்பாண்டமன்றி வேறு பாண்டம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. புராணத்து மன்னன் மதங்கப் பெண்ணுக்கு மறுத்த குடையை, இருபதாம் நூற்றாண்டு இராமநாதபுரமும் மறுத்தது. கதை வேறு, வாழ்வு வேறு என்று சொல்லும் இரசிகப் பெருமக்கள் இந்த இரண்டு குடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

நாம் பார்த்த பதிவில் மதங்க கன்னியர் வரவே இல்லை! ஊர்தோறும் நடக்கும் நாடகத்தின் பெயரே மயான காண்டம். முற்பகுதியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, அல்லது சொல்லாமலே விட்டுவிட்டு, காசிக்கும் சுடலைக்கும் போய்விடுகிறார்கள். காரணம் சூழ்ச்சியன்று, ஓர் இரவில் அழுகையைக் கேட்க ஊர் வருகிறது, அழுகை இருக்கும் இடத்துக்கு நடிகர்கள் விரைகிறார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். நாடு போன காரணம் மேடையிலிருந்து போய்விட்டது. கண்ணீர் மட்டும் தங்கிவிட்டது. குற்றம் மறைந்து தண்டனை மட்டும் தெரிந்தால், குற்றவாளியும் தியாகியாகத்தான் தோன்றுவான்.

அடுத்து அந்த விற்பனை. "ஒரு பொய் சொல், பொன் தருவதாக வாக்களிக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல், எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன்" என்று முனிவர் ஆசை காட்டுகிறார். மன்னன் மறுக்கிறான். மறுத்துவிட்டு, காசித் தெருவில் மனைவியையும் மகனையும் காலகண்டர் என்ற பார்ப்பனருக்கு விற்கிறான். வாக்குக் கொடுத்தது யார்? அரிச்சந்திரன். விலைபோனது யார்? சந்திரமதியும் லோகிதாசனும். தன் சொல்லைக் காப்பாற்ற அடுத்தவர் உடலை அடகு வைப்பதற்கு வாய்மை என்று பெயர் வைத்த மேதைகளை நாம் என்னவென்று சொல்வது? எஞ்சியதற்குத் தன்னையும் சுடலைக் காவலன் வீரவாகுவுக்கு விற்றுக்கொண்டான், உண்மை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மனைவி, மகன், பிறகுதான் தான்.

வாய்மையைப் பற்றிய பாடம் ஒன்றை நாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ராணிகிட்ட ராஜா கேட்டாங்களா, சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. அந்தச் சிறுமியின் கேள்வியைப் புராணிகர் எவரும் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை. சந்திரமதியின் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது கதை தந்த வரம். சுடலையில் கால் பணம் கேட்டு மிரட்டும் காவலன், "கழுத்தில் தாலி இருக்கிறதே, விற்றுக் கொடு" என்ற பிறகுதான், இவன் தன் கணவன் என்று அவள் அறிகிறாள். பலே கற்பனை! கூடத்தில் பெண்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுகிறார்கள். அழட்டும். ஆனால் அந்தத் தாலி அவளுக்கு என்ன செய்தது? விற்பனையைத் தடுத்ததா? காலகண்டர் வீட்டு உரலில் மாவிடித்தபோது கை கொடுத்ததா? பாம்பை விரட்டியதா? அவளை அவன் அடையாளம் காண உதவியது, அவ்வளவே. ஆடு மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதற்கும் இதற்கும் எத்தனை தூரம்?

வீரவாகுவுக்கு வருவோம். நாம் பார்த்த பதிவில் அவன் குடிகாரன், உளறுவாயன். பபூனே அந்த வேடத்தையும் கட்டி, ஊரைச் சிரிக்கவைத்தார். மன்னன் அவனுக்கு அடிமையாகும் காட்சியில், ஐயோ என்றது கூட்டம். எதற்கு அந்த ஐயோ? ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு அடிமையானதற்கா? சந்திரமதி பார்ப்பனர் வீட்டுக்கு அடிமையானபோது இந்த அளவு ஐயோ எழவில்லை. அரசன், புலையனுக்கு அடிமையாவதா என்பதுதான் அந்த ஓசையின் பொருள். அவலச் சுவையின் உச்சியே சாதியின் மீது கட்டப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் கதையில் வீரவாகு செய்த தீமை என்ன? விலை பேசினான், விலை கொடுத்தான், கூலிக்குரிய வேலையைச் சொன்னான். சூதாடிய முனிவர்களையும், சிறுவனைக் காட்டுக்கு அனுப்பிய காலகண்டரையும் விட அவன் எந்த வகையில் கீழானவன்? கதையில் நேர்மையாக வரவு செலவு வைத்த ஒரே ஆளைக் கோமாளியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சுடுகாடுகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ உண்டு. பாடையை அங்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துச் செல்கிறார்கள். வெட்டியான் அரிச்சந்திரன் பெயரைச் சொல்லிப் பாடி, கால் பணமும் முழத் துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும் வழக்கமும் உண்டு. அரசனே செய்த தொழில் என்று அந்த வேலைக்குப் பெருமை சொல்லப்படுகிறது. பெருமை சொன்னவர்கள் யாராவது தங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பினார்களா? அரிச்சந்திரன் சில காலம் சுடலை காத்துவிட்டு அரியணைக்குத் திரும்பினான். தலைமுறை தலைமுறையாகச் சுடலையில் நிற்பவன் எந்த அரியணைக்குத் திரும்புவான்? கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகவே ஒடுக்கப்பட்ட மக்கள் எத்தனை ஆண்டுகள் வழக்கு மன்றத்துக்கு நடந்தார்கள் என்பதை நம் மாவட்டம் அறியும். ஆண்டுக்கணக்கில் நின்ற அந்தத் தேர், 2024 ஜூனில், காவலர் புடைசூழத்தான் ஓடியது.

நாடகத்தின் முடிவுக்கு வருவோம். காசி அரசன் மகனைக் கொன்றாள் என்று சந்திரமதி மீது பழி. தலையை வெட்டும் வேலை அரிச்சந்திரனுக்கு. வாளை ஓங்குகிறான். வாள் மாலையாகிறது! மின்விளக்குகள் சிவப்பும் பச்சையுமாகச் சுழல்கின்றன, சிவன் வருகிறார், லோகிதாசன் தூக்கம் கலைந்து எழுகிறான் (உண்மையிலேயே அப்போதுதான் கலைந்தது). நாடு திரும்புகிறது, மங்களம் பாடப்படுகிறது.

ஆறு மணி நேரம் ஏறிய பாரத்தை ஒரு மாலை இறக்கிவிடுகிறது. இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் உரியதன்று. 1600-ல் பிளாரன்சு நகரில், அரசகுலத் திருமணம் ஒன்றுக்காக 'யூரிடிசி' என்ற ஓபராவை அரங்கேற்றினார்கள். கிரேக்கர் கதையில் இறந்த மனைவியை மீட்கப் போனவன் அவளை மறுபடியும் இழக்கிறான். கல்யாண வீட்டில் சாவு ஆகாது என்று, அவளை உயிரோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே அரசர்களுக்காக மாற்றினார்கள், இங்கே ஆண்டவனுக்காக. ஆனால் மேனாட்டு ஓபரா அங்கேயே நின்றுவிடவில்லை. 1853-ல் வெர்டி, வெனிசில் அரங்கேற்றிய 'லா டிராவியாட்டா'வில் காசநோய்க்காரி ஒருத்தி, ஊரார் ஒழுக்கத்துக்குப் பலியாகி, மேடையிலேயே சாகிறாள். எந்தத் தேவனும் இறங்கி வரவில்லை. அழுதவர்கள் அழுதபடியே, யார் செய்த பாவம் என்று கேட்டுக்கொண்டு வீடு போகவேண்டியதுதான்.

நம்மிடமும் அத்தகைய மேடை இருந்தது. எம்.ஆர். இராதாவின் 'ரத்தக் கண்ணீர்' முதலில் நாடகம், திருவாரூர் தங்கராசு எழுதியது, 1954-ல் படமாயிற்று. அதில் மோகனசுந்தரத்தைக் காப்பாற்ற வாள் மாலையாகவில்லை. தன் மனைவிக்கு மறுவாழ்வு தேடித்தந்துவிட்டுச் சாகிறான். அதிலும் குறை உண்டு. ஒழுக்கக் கேட்டுக்குத் தண்டனையாகத் தொழுநோயைக் காட்டியது அறிவியலுக்குப் பொருந்தாது. அது கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. ஆனாலும் கணவன் தவறு செய்தால் மனைவி வேறு வாழ்வு தேடலாம் என்று தமிழ் மேடை துணிந்து சொன்னது அங்கேதான். அந்தத் துணிவில் பத்தில் ஒரு பங்கு சந்திரமதிக்குக் கிடைத்திருந்தால்!

லோகிதாசன் எழுந்து உட்கார்ந்த காட்சியை வீடியோவில் நிறுத்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் எண்ணினோம். 2020-ல் வெளிவந்த ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாகக் கணக்கிட்டது. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். விறகு பொறுக்கப் போனவர்கள், வயலுக்குப் போனவர்கள், தரையில் படுத்தவர்கள். அதாவது, லோகிதாசன்கள். மேடைக்கு முன்னே அமர்ந்திருந்த தாய்மாரில் அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா? அவள் பிள்ளைக்குச் சிவன் வரவில்லை. பிழைத்த பிள்ளைகளுக்கு வந்தது எது? நஞ்சு முறிவு மருந்து. அந்த மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவது யார்? 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சைக் கறந்துவிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், ஊர்ப் பிள்ளைகளின் உயிரைத் தங்கள் கைப்பிடியில் வைத்திருக்கிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளருக்கு 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மதங்கப் பெண்களை விரட்டிய அரிச்சந்திரன், தன் மகனுக்கு இவர்கள் எடுத்துத் தரும் மருந்தை வேண்டாமென்பானா? இதை மேடையில் கேட்க ஒரு பபூன் போதும். ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று சுடலையில் ஒரு குரல் எழுந்தால், கூட்டம் முதலில் சிரிக்கும்; பிறகு என்ன செய்யும் என்று பார்க்க நமக்கு ஆசை.

நாடகத்தைத் தடை செய்யச் சொல்கிறோமோ என்று எவரும் எண்ண வேண்டாம். தடையின் சுவை நமக்குத் தெரியும். 1954-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தவர்கள் இராதாவின் நாடகத்தை எண்ணித்தான் கொண்டுவந்தார்கள். நாம் கேட்பது, மறைத்ததை மேடைக்குக் கொண்டுவாருங்கள் என்பது. மதங்க கன்னியரை ஆடவிடுங்கள். மன்னன் சொன்ன மறுப்பை ஊர் கேட்கட்டும். அண்ணா 'நீதிதேவன் மயக்க'த்தில் இராவணனுக்கு வழக்காட வாய்ப்பளித்தார். காசி அரசன் மன்றத்தில் சந்திரமதிக்கும் அதே வாய்ப்பைக் கொடுக்கலாம். இளைஞர் மன்றங்களில் எழுதத் தெரிந்த தோழர்கள் இருக்கிறார்கள். சுவாமிகளின் மெட்டுகளும் இருக்கின்றன. புதிய சொல்லைப் பழைய மெட்டில் ஏற்றுவது நம் மேடைக்குப் புதிதன்று.

நடிகையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விடியும் வரை பத்தினியாக அழும் அந்தப் பெண்ணை, விடிந்தபின் இந்தச் சமூகம் என்ன சொல்லி அழைக்கிறது என்பதை எழுதக் கை கூசுகிறது. சூசன் சீசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரையில் இக்கலைஞரோடு வாழ்ந்து, அவர்கள் மீது படிந்த இழிபெயரையே பொருளாக்கி 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். சந்திரமதியின் கண்ணீருக்கு நூறு ரூபாய் குத்தும் பெரியவர், தம் தெருவில் அவளுக்கு ஒரு வீடு வாடகைக்குத் தருவாரா? நாம் பார்த்த பதிவில், மங்களம் முடிந்த பிறகும் படப்பிடிப்பாளர் கருவியை நிறுத்த மறந்துவிட்டார். நான்கைந்து நிமிடம் அது வெறும் மேடையைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு மூலையில் அந்தப் பெண் முகப்பூச்சைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பையை மடியில் வைத்து, சேலையில் குத்திய தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணுகிறாள். லோகிதாசனாக நடித்த சிறுவன் அவளருகே தேநீர் குடிக்கிறான். புதுக்கோட்டைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவள் யாரையோ கேட்கிறாள். பதில் பதிவாகவில்லை.